வேண்டாம் என்று சொல்லும் வசதி

அக்கா மகள் இளங்கலையில் மார்க்கெட்டிங் படிக்கப் போவதாக அறிவித்தபோது வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை. அதுவே அவளுக்குச் சற்று ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். சண்டைக்குத் தயாராக வந்தவளிடம் அத்தான், "சரி, எந்தக் கல்லூரி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு அவளிடம் ஏற்கெனவே ஓர் அட்டவணை இருந்தது. முதல் கட்டத்தில் கல்லூரியின் பெயர், அடுத்ததில் மொத்தக் கட்டணம், அதற்கடுத்ததில் படித்து முடித்தவர்களின் சராசரிச் சம்பளம், கடைசியில் சம்பளத்தைக் கட்டணத்தால் வகுத்து வந்த ஓர் எண். எந்தக் கல்லூரிக்கு அந்த எண் பெரியதோ அங்கே சேர்ந்துவிடுவது என்று முடிவு. மார்க்கெட்டிங் துறையிலேயே காலத்தை ஓட்டும் மாமா ஒருமுறை பார்த்துத் தலையாட்டிவிட்டால் போதும் என்று எனக்கு அனுப்பியிருந்தாள்.

தலையாட்ட முடியவில்லை. ஏன் என்றும் உடனே சொல்லத் தெரியவில்லை. வகுத்தல் சரி, கட்டணங்கள் சரி, அத்தனையும் கல்லூரிகளே வெளியிட்ட எண்கள். படிப்பைத் தேர்ந்தெடுக்கும் எந்தப் பிள்ளைக்கும் பெரியவர்கள் சொல்லும் அறிவுரையைத்தான் அவள் அப்படியே செய்திருந்தாள்: செலவை ஒரு தட்டிலும் எதிர்காலத்தை இன்னொரு தட்டிலும் வைத்துப் பார். நானே பலருக்கு இதைச் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த அட்டவணையைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது அது உண்மையிலேயே இரண்டு தட்டுத் தராசுதானா என்ற சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் எழுத நினைத்தது அந்தச் சந்தேகத்தைப் பற்றித்தான். மற்றவை அதன் பின்னால் வந்தவை.

யாருடைய சராசரி?

முதலில் சம்பளக் கட்டத்தில்தான் கை வைத்தேன். அதுதான் எளிது. வேலைவாய்ப்பு அறிக்கையில் வரும் 'சராசரி' என்ற சொல்லை மார்க்கெட்டிங் படிக்கப் போகிறவர்களே நம்பினால் எப்படி? பத்து மாணவர்கள் இருக்கிறார்கள். ஒன்பது பேருக்கு மூன்று பங்கு சம்பளம், ஒருவருக்கு மட்டும் முப்பத்து மூன்று. சராசரி ஆறு. அந்த ஆறை வகுப்பில் ஒருவர்கூட வாங்கவில்லை. எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் மூன்று என்பார். அந்த நடு எண்ணை, அதாவது இடைநிலையை, வெளியிடாத கல்லூரியிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்டும் தரவில்லை என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

வகுக்கும் எண்ணிலும் வித்தை உண்டு. 'வேலைவாய்ப்பு பெற்றவர்கள் 95 சதவீதம்' என்றால் எத்தனை பேரில்? சேர்ந்தவர்களிலா, முடித்தவர்களிலா, வேலைவாய்ப்புப் பிரிவில் பெயர் பதிந்தவர்களிலா? மதிப்பெண் போதவில்லை என்று பெயர் பதிய விடாமல் தடுக்கப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் எங்கே போனார்கள்? பிறகு சம்பளம் என்று அச்சாகும் தொகையில் இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் ஊக்கத்தொகையும், காப்பீட்டுத் தவணையும், ஒரே ஒருமுறை தரப்படும் சேர்க்கைப் பணமும் கலந்திருக்கும். மாதக் கடைசியில் வங்கிக் கணக்குக்கு வருவது வேறு.

இவை எல்லாம் ஊரறிந்த தந்திரங்கள், நீட்ட வேண்டியதில்லை. மார்க்கெட்டிங் படிப்புக்கே உரிய தந்திரம் ஒன்று உண்டு. அது பதவியின் பெயர். 'மார்க்கெட்டிங் அசோசியேட்', 'பிராண்ட் எக்ஸிகியூட்டிவ்', 'குரோத் ஸ்பெஷலிஸ்ட்' என்று அறிக்கையில் இருப்பவற்றில் கணிசமானவை நேரடி விற்பனை வேலைகள். காலையில் ஒரு பட்டியல் தருவார்கள். மாலைக்குள் அதிலுள்ளவர்களை அழைத்துப் பேசி முடிக்க வேண்டும். மாத இலக்கு உண்டு. எட்டாவிட்டால் மூன்றாவது மாதம் இருக்கை காலி.

விற்பனையை இழிவாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். விளம்பர உலகின் பெரும்புள்ளியான டேவிட் ஓகில்வி 1931இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பட்டம் வாங்காமலே வெளியேறி, வீடு வீடாக ஏறி 'ஆகா' என்ற பெயர் கொண்ட சமையல் அடுப்பு விற்றவர். பிறகு அமெரிக்காவில் ஜார்ஜ் கேலப் என்பவரின் கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1948இல் நியூயார்க்கில் அவர் தொடங்கிய விளம்பர நிறுவனம் இந்த இரண்டு அனுபவங்களின் மேல்தான் நின்றது: வாங்குபவரின் முகத்தைப் பார்த்து விற்றது ஒன்று, வாங்குபவரைப் பற்றி எண்ணிக் கணக்கிட்டது இன்னொன்று. விற்கத் தெரியாத மார்க்கெட்டிங்காரர்களைவிட விற்கத் தெரிந்தவர்களையே நான் வேலைக்கு எடுப்பேன். எனக்குள்ள குறை வேறு. விற்பனை வேலை வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்தால் அதற்கு மூன்று ஆண்டுப் படிப்பும் பெருங்கடனும் தேவையில்லை. அந்த வேலையைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கும் தருகிறார்கள்.

பணம் கொடுத்து வாங்குவது எதை?

மருத்துவரும் வழக்கறிஞரும் பட்டம் இல்லாமல் தொழில் செய்ய முடியாது. மார்க்கெட்டிங்குக்கு அப்படி ஒரு வாசலும் இல்லை, வாசலில் காவலும் இல்லை. வரலாறு படித்தவர், இயற்பியல் படித்தவர், படிப்பைப் பாதியில் விட்டவர் எல்லோரும் எங்கள் அலுவலகங்களில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனவே இந்தப் படிப்புக்குக் கொடுக்கும் பணம் தொழில் செய்யும் உரிமைக்கான விலையாக இருக்க முடியாது. பிறகு எதற்கு?

கல்லூரிகளின் விளம்பர ஏடுகள் சொல்லும் பதில்: கருவிகளுக்கு. டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆய்வகம், விளம்பர மேலாண்மை மென்பொருள், பகுப்பாய்வுச் சான்றிதழ், இப்போது செயற்கை நுண்ணறிவு. அக்கா மகளின் பட்டியலில் அதிகக் கட்டணம் வாங்கும் கல்லூரி தன் ஏட்டில் பாதிப் பக்கங்களை இதற்குத்தான் ஒதுக்கியிருந்தது. இந்தச் சான்றிதழ்களில் பலவற்றை கூகுளும் ஹப்ஸ்பாட் என்ற மென்பொருள் நிறுவனமும் இணையத்தில் இலவசமாகத் தருகின்றன என்பதை அந்த ஏடு சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை: இந்தக் கருவிகளுக்கு ஆயுள் குறைவு. தங்களிடம் வருகிறவர்களைக் கணக்கெடுக்க இணையதளங்கள் வருடக்கணக்கில் நம்பியிருந்த பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலையில் புதிய தரவைப் பதிவதை நிறுத்தியது. அதை மட்டும் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள் புதிய பதிப்பை முதலிலிருந்து கற்றார்கள். ஐஃபோன் செயலிகள் பயனரைப் பின்தொடர அனுமதி கேட்டாக வேண்டும் என்று 2021 ஏப்ரலில் ஆப்பிள் கொண்டுவந்த விதி, அதுவரை எழுதப்பட்டிருந்த விளம்பரப் பாடங்களில் பெரும் பகுதியைப் பழங்கதையாக்கியது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, தொடக்கநிலை ஊழியருக்குக் கொடுத்துக்கொண்டிருந்த விளம்பர வாசகம் எழுதும் வேலைகள் என்ன ஆகின என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இன்று முதலாண்டில் கற்கும் கருவி, மூன்றாம் ஆண்டு முடித்து வெளியே வரும்போது இதே உருவில் இருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

கருவிகளுக்கு அடியில் இருப்பவை மட்டும் அசைவதே இல்லை. இரண்டு விளம்பரங்களில் எது நன்றாக வேலை செய்கிறது என்று இன்று எல்லா நிறுவனங்களும் செய்துபார்க்கும் ஒப்பீட்டுச் சோதனைக்குப் பின்னால் பெரும்பாலும் நிற்கும் கணிதம், டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட் 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டது. சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு எவ்வளவு துணிந்து பேசலாம் என்பது அவருடைய கேள்வி. நூறு ஆண்டு தாண்டியும் எங்கள் கூட்டங்களில் அதே கேள்விதான் நடக்கிறது. பாதிப் பேருக்கு இன்னும் விடை தெரியாது. ஒரு பொருளின் எந்த அம்சத்துக்கு மக்கள் எவ்வளவு மதிப்புத் தருகிறார்கள் என்று அளக்கும் கன்ஜாய்ன்ட் பகுப்பாய்வு, கணித உளவியலில் 1964இல் முளைத்த ஒரு கருத்திலிருந்து வந்தது. அதை 1970களில் மார்க்கெட்டிங்குக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் வணிகப் பள்ளியில் இருந்த பால் கிரீன். அந்த வார்ட்டனிலேயே இளங்கலையில் 'மார்க்கெட்டிங் பட்டம்' என்று ஒன்று தரப்படுவதில்லை. எல்லா மாணவர்களுக்கும் பொருளியலில் இளங்கலைப் பட்டம்தான். மார்க்கெட்டிங் அதற்குள் ஒரு சிறப்புப் பிரிவு.

இது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1902இல் நடத்திய வகுப்பைத்தான் இந்தத் துறையின் முதல் பாடங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். அதை நடத்தியவர்கள் பொருளியல்காரர்கள். விளைந்த இடத்திலிருந்து வாங்கும் கைவரை ஒரு பொருள் எப்படி வந்து சேர்கிறது, வழியில் யார் யார் விலையைக் கூட்டுகிறார்கள் என்பதே அன்றைய பாடம். ஆகவே ஒரு படிப்பை எடைபோடும்போது நான் பார்ப்பது அதன் பெயரை அல்ல, பாடத்திட்டத்தை. புள்ளியியல் எத்தனை பருவம் இருக்கிறது? ஒன்றே ஒன்று, அதுவும் முதல் பருவத்தில் என்றால் சடங்குக்கு வைத்திருக்கிறார்கள். பொருளியல் இருக்கிறதா? நுகர்வோர் ஆய்வை மாணவர்களே கேள்வித்தாள் எழுதி, ஆட்களைத் தேடிப் பிடித்து, தரவைச் சுத்தம் செய்து, அறிக்கையாக எழுதி ஒரு நிஜ நிறுவனத்திடம் கொடுத்துத் திட்டு வாங்கும் பாடம் ஒன்றாவது உண்டா? இவற்றைத் தனியாக வீட்டில் உட்கார்ந்து கற்பது கடினம். வற்புறுத்த ஓர் ஆசிரியரும், கூடச் சேர்ந்து திணற நான்கு பேரும் வேண்டும். என்னைக் கேட்டால் கட்டணம் அதற்குத்தான்.

இதை அக்கா மகளிடம் சொன்னபோது அவளுடைய முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். கணிதத்திலிருந்து தப்பிக்க அவள் கண்டுபிடித்த வழிதான் மார்க்கெட்டிங்.

கல்லூரியின் பெயர் என்ற வாதம்

அக்கா இதற்குள் வேறொரு பக்கத்திலிருந்து வந்துவிட்டாள். "நீ சொல்வதெல்லாம் சரி தம்பி. ஆனால் பெயர் பெற்ற கல்லூரி என்றால் அந்தப் பெயரே கதவைத் திறந்துவிடும். அதற்குத்தானே அவ்வளவு பணம்?" எளிதில் தள்ளிவிட முடியாத வாதம் இது. பட்டம் என்பது கற்றதற்குச் சான்றாக இருப்பதைவிட, 'இவர் திறமைசாலி' என்று முதலாளிக்குக் காட்டும் அடையாளமாகவும் வேலை செய்கிறது என்பதை மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. வேலைக்கு விண்ணப்பங்கள் மலையாகக் குவியும்போது கல்லூரியின் பெயரை வைத்து வடிகட்டுபவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

அடையாளத்துக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதில்தான் சிக்கல். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1976இல் கல்லூரியில் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். நுழைவதற்கே கடினமான கல்லூரியில் படித்தவர்கள் பின்னாளில் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இவர்கள் கேட்டது வேறு: அத்தகைய கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு காரணத்தால் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களும் ஏறத்தாழ அதே அளவுதான் சம்பாதித்தார்கள். இடம் வாங்கும் அளவுக்கு இருந்த திறமையும் முனைப்பும் எங்கே போனாலும் கூடவே போயின. இந்த முடிவைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதே ஆய்வில் இருக்கும் விதிவிலக்கைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்: வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி உண்மையிலேயே கூடுதல் பலன் தந்தது.

காரணம் ஊகிக்கக் கூடியதுதான். வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி தரும் தொடர்புகள் வீட்டிலேயே இருக்கின்றன. மற்றவர்களுக்கு அவை கல்லூரியில்தான் கிடைக்கும். அக்கா மகளுக்கு மாமா ஒருவர் இந்தத் துறையில் இருக்கிறார்; அவளுடைய விண்ணப்பத்தை யாராவது திறந்து பார்க்கும்படி என்னால் செய்ய முடியும். அதனால் 'எந்தக் கல்லூரியானாலும் ஒன்றுதான், திறமை இருந்தால் போதும்' என்று அவளிடம் சொல்லலாம். அதையே குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வராது. இந்த அறிவுரையை மேடைகளில் தாராளமாக வழங்குகிறவர்கள் எல்லோரும் எங்கே படித்தவர்கள் என்று விசாரித்துப் பார்ப்பது ஒரு நல்ல பொழுதுபோக்கு.

ஒரு தொலைபேசி அழைப்பு

இப்படி நான் சம்பளக் கட்டத்தையும், பாடத்திட்டத்தையும், கல்லூரியின் பெயரையும் தனித்தனியாகக் குடைந்துகொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் சரிதான், ஆனால் ஆரம்பத்தில் வந்த சந்தேகம் அப்படியே இருந்தது. அதை உடைத்தது அக்கா மகள்தான். அட்டவணையில் முதலிடம் பிடித்த கல்லூரியில் படித்து முடித்துச் சில ஆண்டுகள் ஆனவர்களைத் தேடிப் பேசு என்று சொல்லியிருந்தேன். கல்லூரி தரும் பட்டியல் வேண்டாம், லிங்க்ட்இன்னில் நீயே தேடு. நேற்று முடித்தவர்கள் வேண்டாம், இரண்டாவது வேலைக்குப் போய்விட்டவர்களாகப் பார். கூச்சப்பட்டுக்கொண்டே எழுதினாள். நினைத்ததைவிட அதிகம் பேர் பதில் அனுப்பினார்கள். அறிமுகமில்லாத சின்னப் பெண் ஒருத்தி நேர்மையாகக் கேட்டால் மனிதர்கள் நேர்மையாகவே பதில் சொல்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் பேசிய அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். கடன் வழங்கும் நிதி நிறுவனம் ஒன்றில் விற்பனைக் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். பொறுமையான குரல். "கல்லூரி நல்ல கல்லூரிதான்மா. குறை சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தார். கடைசி ஆண்டில் அவருக்கு இரண்டு இடங்களில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்று சந்தை ஆய்வு நிறுவனம். இளநிலை ஆய்வாளர், சம்பளம் குறைவு. கடைசி ஆண்டு ஆய்வுத்திட்டத்தைப் பார்த்துவிட்டு அவருடைய பேராசிரியரே சிபாரிசு செய்த இடம். இன்னொன்று இந்த நிதி நிறுவனம். சம்பளம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. "அண்ணா, உங்களுக்கு எது பிடித்திருந்தது?" என்று இவள் கேட்டாள். "முதலாவதுதான். ஆனால் படிப்பு முடிந்து ஆறு மாதத்தில் தவணை ஆரம்பம். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆய்வு நிறுவனச் சம்பளத்தில் வாடகையும் தவணையும் போக மிச்சம் என்று எதுவும் இல்லை, குறைதான் விழுந்தது. இரண்டு வருடம் விற்பனையில் இருந்துவிட்டு மாறிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்."

மாற முடியவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் விண்ணப்பித்த ஆய்வு நிறுவனங்கள் ஆய்வில் அனுபவம் கேட்டன. அல்லது புதிதாகச் சேர்பவருக்கான சம்பளத்தையே தர முன்வந்தன. அதற்குள் செலவுகள் வளர்ந்திருந்தன, தவணையும் பாதிகூட முடியவில்லை. அவர் இதையெல்லாம் புலம்பலாகச் சொல்லவில்லை. "நான் நன்றாகத்தான் இருக்கிறேன். குழுவில் எட்டுப் பேர் என்னை நம்பி இருக்கிறார்கள்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "நீ சம்பளத்தைப் பற்றிக் கேட்டாய். நாங்கள் வெளியே வந்த வருடம் எங்கள் கல்லூரியின் சராசரி நன்றாக இருந்தது. அதில் நானும் இருக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

அழைப்பு முடிந்ததும் அக்கா மகள் மடிக்கணினியைத் திறந்து அட்டவணையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கல்லூரியை முதலிடத்துக்கு உயர்த்தியது சம்பளக் கட்டத்தில் இருந்த எண். அந்த எண்ணுக்குள், குறைந்த சம்பள வேலையை மறுக்க வேண்டியிருந்த காரணத்தால் அதிகச் சம்பள வேலைக்குப் போன ஒருவர் இருக்கிறார். அவரைப் போல் இன்னும் எத்தனை பேரோ. கட்டணம் உயர்ந்ததால் கடன் வந்தது, கடன் வந்ததால் சம்பளம் அதிகமுள்ள வேலைதான் எடுபட்டது, அதனால் சராசரி உயர்ந்தது, உயர்ந்த சராசரியைக் காட்டிக் கட்டணம் நியாயப்படுத்தப்படுகிறது. "அப்படியானால் இந்த இரண்டு கட்டங்களும் தனித்தனி இல்லையா மாமா?" என்று கேட்டாள். எனக்குப் பிடிபடாமல் இருந்தது இதுதான். செலவும் வேலைவாய்ப்பும் எதிரெதிர்த் தட்டுகள் அல்ல. எந்த வேலைக்குப் போக முடியும் என்பதைச் செலவே பாதி தீர்மானித்துவிடுகிறது.

இது ஒருவருடைய கதை மட்டும் அல்ல. ஜெஸ்ஸி ராத்ஸ்டைனும் செசீலியா ரவுஸும் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நுழைவதற்கே கடினமான அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று, நிதி உதவி பெறும் மாணவர்களுக்குக் கடனுக்குப் பதிலாக மானியம் தரத் தொடங்கியது. அதற்கு முன்னும் பின்னும் படித்தவர்களின் முதல் வேலைகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். கடன் உள்ளவர்கள் அதிகச் சம்பள வேலைகளை நோக்கிப் போனார்கள். குறைந்த சம்பளம் தரும் பொதுநலத் துறை வேலைகளைத் தேர்ந்தெடுப்பது குறைந்தது. பல்கலைக்கழகம் அதே, கடன் மட்டும் வேறு.

மார்க்கெட்டிங்கில் இது கூடுதலாகக் கடிக்கும். இந்தத் தொழிலைக் கற்றுத் தரும் முதல் வேலைகள் பெரும்பாலும் சம்பளம் குறைந்தவை. சின்ன விளம்பர நிறுவனம், ஆய்வு நிறுவனம், மார்க்கெட்டிங் பிரிவு என்று ஒரே ஒருவரை மட்டும் வைத்திருக்கும் புதிய தொழில். அங்கேதான் விலை நிர்ணயத்தையும் வாடிக்கையாளர் நேர்காணலையும் விளம்பரச் செலவையும் ஒரே ஆள் கையால் தொட்டுப் பார்க்க முடியும். இரண்டு ஆண்டு அப்படிக் கழித்தவரின் மூன்றாம் ஆண்டு விண்ணப்பம் என் மேசைக்கு வந்தால் அவர் எங்கே படித்தார் என்று நான் பார்ப்பதே இல்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளைக் கழிக்க வசதி வேண்டும்.

புதிய கட்டம்

அன்று இரவே அட்டவணையிலிருந்து வகுத்தல் கட்டத்தை நீக்கிவிட்டு வேறொன்றைச் சேர்த்தோம். இந்தக் கல்லூரியில் படித்து முடித்தால், தவணையும் தனியாக வாழும் செலவும் போகத் தாக்குப்பிடிக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு சம்பளம் வேண்டும்? அந்தத் தொகை எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு வேலைகள் அவளுக்குத் திறந்திருக்கும்.

தவணையை அவளையே கணக்குப் போடச் சொன்னேன். நூறு பங்கு கடன் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளின் தொடக்கத்தில் மூன்று சம பாகமாகக் கல்லூரிக்குப் போகிறது. வட்டி 10 சதவீதம். படிக்கும்போதே தனிவட்டி ஓடுகிறது. முடிக்கும் நாளில் நூறு நூற்றிருபது ஆகியிருக்கும். அதைப் பத்து ஆண்டு மாதத் தவணையாகக் கட்டினால் மொத்தம் ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூறு. விளம்பர ஏட்டில் நூறு என்று அச்சான விலை உண்மையில் இதுதான். தவணை தொடங்குமுன் சில மாதச் சலுகைக் காலம் இருந்தால் வட்டி இன்னும் கொஞ்சம் கூடும். நான்காண்டுப் படிப்பென்றால் கூடுதலாக ஓர் ஆண்டுக் கட்டணத்தோடு, அந்த ஆண்டு வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் சம்பளமும் செலவுதான். எதிர்ப்பக்கம், அறிவிக்கப்பட்ட கட்டணத்தை அப்படியே கொடுக்க வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. உதவித்தொகை, கட்டணச் சலுகை எல்லாம் கழித்து வரும் நிகரத் தொகையைக் கேட்டு வாங்காமல் ஒரு கல்லூரியை விலை அதிகம் என்று ஒதுக்குவதும் அவசரம்.

இந்தக் கட்டத்தைச் சேர்த்ததும் முன்பு கண்ணில் படாத சில வழிகள் மேலே வந்தன. ஜெர்மனியின் இரட்டைப் படிப்பு முறை அப்படி ஒன்று: பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தின் டிஎச்பிடபிள்யூ என்ற பல்கலைக்கழகத்தில் மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் நிறுவனம் என்று மாறி மாறிப் போகும். படிக்கும் காலம் முழுவதும் நிறுவனம் சம்பளம் தருகிறது. இங்கிலாந்தில் 2015 முதல், ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கும் பட்டப் பயிற்சி முறை இருக்கிறது; கல்விக் கட்டணம் மாணவர் தலையில் விழாது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இடையில் ஓராண்டு, பெரும்பாலும் சம்பளத்துடன், வேலைக்குப் போய் வரும் சாண்ட்விச் படிப்புகள் உண்டு. இவை எல்லோருக்கும் எட்டுபவை அல்ல, போட்டியும் கடுமை. ஆனால் சம்பளத்தைக் கட்டணத்தால் வகுக்கும் அட்டவணையில் இவற்றுக்கு இடமே இருக்காது. கட்டணம் பூஜ்யமென்றால் வகுக்கவே முடியாது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அவள்தான். கணிதத்திலிருந்து ஓடி வந்தவள்.

அக்கா இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய நுகர்பொருள் நிறுவனங்கள் பிராண்ட் மேலாண்மைப் பயிற்சிக்குக் குறிப்பிட்ட சில வளாகங்களுக்கு மட்டும்தான் வருகின்றன என்கிறாள். உண்மை. அந்த வேலைதான் வேண்டும் என்பதில் ஒருவருக்குத் தெளிவும், கிடைக்கும் என்பதற்கு ஓரளவு ஆதாரமும் இருந்தால் அதிகக் கட்டணம் கொடுக்கலாம். ஆனால் அந்த நிறுவனங்களில் பல அதற்கு முதுகலை மாணவர்களையே எடுக்கின்றன. இளங்கலையிலேயே கடனை முழுவதும் வாங்கிவிட்டவர் முதுகலைக்கு எதை வைத்துப் போவார்? இதற்கு அக்கா, "அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்கிறாள். எங்கள் இருவருக்கும் இடையே இந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது.

அக்கா மகள் பட்டியலில் நான்காவதாக இருந்த கல்லூரியில், பொருளியலை முதன்மைப் பாடமாகவும் மார்க்கெட்டிங்கைத் துணைப் பாடமாகவும் எடுத்துச் சேர்ந்தாள். கடன் கொஞ்சம்தான். இரண்டாம் ஆண்டு முடிந்த விடுமுறைக்குப் பயிற்சி வேலை தேட வேண்டியிருந்தபோது, ஓர் ஆய்வு நிறுவனத்தில் இடம் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்கும் நிறுவனத்தில், இலக்கும் ஊக்கத்தொகையும் உள்ள நேரடி விற்பனைக்கு அவளாகவே விண்ணப்பித்துப் போயிருக்கிறாள். ஒரு வீட்டில் மறுத்தவர்கள் அடுத்த வாரம் எதற்காக அழைத்து வாங்குகிறார்கள் என்று குறிப்பெடுத்து வருகிறாளாம். அந்தக் குறிப்புகளை என்னிடம் காட்டக் கேட்டேன். மாதிரி போதவில்லை மாமா, பொறுங்கள் என்கிறாள்.